இட்லி கல்லாகிறது, தோசை ஒட்டுகிறது: எங்கே பிழை, எப்படிச் சரிசெய்வது

இட்லி கெட்ட காலையில் வீட்டில் ஆளுக்கொரு தீர்ப்பு தயாராக இருக்கும். மாமியார் "உளுந்து குறைச்சல்" என்பார். பாட்டிக்கு அது கை ராசி. அப்பா ரேஷன் அரிசியைத் திட்டுவார். பிள்ளைகள் "பேசாம பாக்கெட் மாவு வாங்கியிருக்கலாம்" என்பார்கள். அடுத்த வாரம் உளுந்து கூடும், அரிசி மாறும், உப்பும் மாறும். இட்லி வேறு விதமாகக் கெடும். எதை மாற்றியதால் என்ன ஆனது என்று யாராலும் சொல்ல முடியாது.

அதனால் ஒரு தடவைக்கு ஒன்றை மட்டும் மாற்றுங்கள். கீழே ஒவ்வொரு கோளாறுக்கும் காசு செலவில்லாத காரணம் முதலிலும், செலவு வைக்கும் காரணம் கடைசியிலும் வரும். உளுந்து அளவில் கைவைப்பதைக் கடைசிக்குத் தள்ளுங்கள். பத்தில் எட்டு தடவை தவறு தண்ணீரிலோ, சூட்டிலோ, நேரத்திலோதான் இருக்கும்.

## ஒப்பிட்டுப் பார்க்க ஓர் அளவு

கிரைண்டரில் அரைப்பதற்கு: இட்லி அரிசி 4 டம்ளர், தோல் நீக்கிய முழு உளுந்து 1 டம்ளர், வெந்தயம் 1 டீஸ்பூன், கல் உப்பு சுமார் ஒன்றரை மேசைக்கரண்டி (200 மில்லி டம்ளர் கணக்கு). மிக்ஸியில் அரைத்தால் 4க்கு 1 போதாது. மிக்ஸியில் உளுந்து அவ்வளவாகப் பொங்காது, அதனால் 3க்கு 1.

அரிசி 4 முதல் 5 மணி நேரம் ஊறட்டும். உளுந்துக்கு ஒன்றரை மணி நேரம் போதும். இரண்டையும் ராத்திரியே ஊறப்போட்டுவிட்டுத் தூங்கப் போவது சுலபம்தான், ஆனால் வெயில் காலத்தில் எட்டு மணி நேரம் ஊறிய உளுந்து வழவழவென்று அரைபடுமே தவிர, பொங்காது. ஊறப்போட்ட பிறகு கரண்ட் போய்விட்டால் தண்ணீரை வடித்து, புதுத் தண்ணீர் ஊற்றி, ஃப்ரிட்ஜில் வையுங்கள். மறுநாள் வரை தாங்கும்.

அரிசி என்றால் குண்டு ரகப் புழுங்கல். ஆடுதுறை 37, அம்பாசமுத்திரம் 16 போன்ற ரகங்களைத்தான் கடையில் "இட்லி அரிசி" என்று கட்டித் தருகிறார்கள். ரேஷன் புழுங்கலிலும் நல்ல இட்லி வரும். நாலைந்து தண்ணீர் விட்டுக் கழுவி, ஒரு மணி நேரம் கூடுதலாக ஊறவைக்க வேண்டும், அவ்வளவுதான். அதை ஊறவைக்கும்போது சில மணிகள் மட்டும் தனியாக மிதக்கலாம், நிறமும் கொஞ்சம் மாறியிருக்கலாம். அது பிளாஸ்டிக் அரிசி இல்லை. இரும்புச்சத்து, ஃபோலிக் அமிலம், பி12 சேர்த்துச் செய்த செறிவூட்டிய மணி. நூறுக்கு ஒன்று என்ற கணக்கில் கலந்திருக்கும். பொறுக்கி எறியாதீர்கள்.

## மாவு பொங்கவே இல்லை

பாத்திரத்தைத் தொட்டுப் பாருங்கள். சில்லென்று இருக்கிறதா?
அப்படியென்றால் வேறெதையும் தேட வேண்டாம். மாவு புளிக்க 28 முதல் 32 டிகிரி சூடு வேண்டும். சமவெளியில் சித்திரை வெயிலில் ஐந்தாறு மணி நேரத்தில் பொங்கிவிடும். மற்ற மாதங்களில் எட்டு முதல் பத்து மணி நேரம். ஊட்டி, கொடைக்கானலில் மார்கழியில் பதினாறு மணி நேரம் ஆனாலும் ஆச்சரியமில்லை. பெங்களூருக்குப் புதிதாகக் குடிபோனவர்கள் "இங்க தண்ணி சரியில்ல" என்று சொல்வார்கள். தண்ணீரை விட்டுவிடுங்கள், ராத்திரிக் குளிரைக் கவனியுங்கள்.

உடனே செய்ய வேண்டியது: அகலமான பாத்திரத்தில் கை பொறுக்கும் சூட்டில் வெந்நீர் ஊற்றி, மாவுப் பாத்திரத்தை அதற்குள் இறக்கி, மேலே ஒரு போர்வையைப் போர்த்துங்கள். ஒன்றரை மணிக்கொரு தரம் வெந்நீரை மாற்றினால் மூன்று நான்கு மணி நேரத்தில் அசைவு தெரியும். கேக் சுடும் ஓவன் இருக்கும் வீடுகளில் அதன் விளக்கை மட்டும் போட்டு உள்ளே வைக்கலாம். ஓவன் கதவில் "உள்ளே மாவு இருக்கிறது" என்று ஒரு சீட்டு ஒட்டிவையுங்கள். காலையில் யாராவது கேக்குக்காக ஓவனைச் சூடேற்றிவிட்டால் மாவும் போச்சு, மூடியும் போச்சு.

குளிர் ஊரில் நிரந்தர வழி வேண்டுமென்றால், பழைய மாவில் இரண்டு மேசைக்கரண்டி எடுத்துவைத்து, புது மாவு கரைக்கும்போது சேருங்கள். உளுந்து ஊறிய தண்ணீரையே ஊற்றி அரைப்பதும் உதவும்.

கதகதப்பாக இருந்தும் பொங்கவில்லையா?
மாவைக் கரைத்த விதத்தைப் பாருங்கள். அரிசி மாவும் உளுந்து மாவும் தனித்தனி அடுக்காக நின்றால் பொங்காது. கையை அடிவரை விட்டு ஒரு நிமிடம் கரைக்க வேண்டும். கை ராசி என்று பாட்டி சொல்வதில் பாதி இதுதான். ஒருவர் அடிவரை கலக்குவார், இன்னொருவர் கரண்டியால் மேலாக இரண்டு சுற்று சுற்றிவிட்டு மூடிவிடுவார்.

அடுத்தது உப்பு. ஒன்றரை மேசைக்கரண்டிக்குப் பதில் மூன்று விழுந்தால் புளிப்பு மந்தமாகிவிடும். தூள் உப்பு போடுபவர்கள் கவனியுங்கள். கல் உப்பை அளக்கும் அதே கரண்டியில் தூள் உப்பு எடையில் அதிகம் பிடிக்கும், அதனால் கொஞ்சம் குறைத்தே போட வேண்டும்.

மிக்ஸியில் அரைத்ததா?
அரைத்து முடித்ததும் ஜாரின் வெளிப்பக்கம் சுட்டதா என்று யோசியுங்கள். மாவு சூடாகிவிட்டால் பொங்குவது பாதியாகிவிடும். ஊறிய உளுந்தை அரைக்கும் முன் அரை மணி நேரம் ஃப்ரிட்ஜில் வைத்து, ஐஸ் தண்ணீர் தெளித்து, ஜாரில் பாதிக்கு மேல் போடாமல், ஒரு நிமிடம் ஓட்டி ஒரு நிமிடம் நிறுத்தி அரையுங்கள். மிக்ஸி மாவின் வெற்றி தோல்வி இதில்தான் இருக்கிறது.

எல்லாம் சரியாக இருந்தும் இல்லையா?
இப்போது உளுந்தைச் சந்தேகிக்கலாம். அளவை அல்ல, வயதை. அரைத்த உளுந்து மாவில் ஒரு சொட்டை டம்ளர் தண்ணீரில் போடுங்கள். மிதந்தால் நன்றாக அரைபட்டிருக்கிறது. மூழ்கினால் தண்ணீரைத் தெளித்துத் தெளித்து இன்னும் பத்து நிமிடம் ஓட்டுங்கள். கிரைண்டரில் அரை மணி நேரம் ஓடி, ஒரு டம்ளர் உளுந்துக்கு ஒன்றரை டம்ளருக்கு மேல் தண்ணீர் இழுத்த பிறகும் மூழ்குகிறதென்றால் அது பழைய உளுந்து. அந்த மூட்டையைத் தாளிக்க ஒதுக்கிவிட்டு, வேறு கடையில் கால் கிலோ மட்டும் வாங்கிச் சோதித்துப் பாருங்கள்.

பொங்கவில்லை, ஆனால் இப்போதே சமைத்தாக வேண்டுமா?
இட்லி ஊற்றாதீர்கள். ஊத்தப்பம் அல்லது பணியாரம். இட்லிதான் வேண்டும் என்று அடம்பிடித்தால், நான்கு கப் மாவுக்குக் கால் டீஸ்பூன் சமையல் சோடாவை ஒரு கரண்டித் தண்ணீரில் கரைத்து, தட்டில் ஊற்றப்போகும் நிமிடத்தில் கலக்குங்கள். அதற்கு மேல் போனால் இட்லி மஞ்சளாகி, சோப்பு வாடை அடிக்கும்.

## மாவு புளித்துப் போய்விட்டது

மேலே தெளிந்து நிற்கும் தண்ணீரைக் கலக்காமல் சாய்த்து வடித்துவிடுங்கள். புளிப்பில் கொஞ்சம் அதோடு போய்விடும். அப்புறம் கப்புக்கு ஒரு மேசைக்கரண்டி வீதம் அரிசி மாவு சேர்த்து, சின்ன வெங்காயம், பச்சை மிளகாய், இஞ்சி நறுக்கிப் போட்டு ஊத்தப்பமாக்குங்கள். புளித்த மாவில் பணியாரம் நன்றாகவே வரும். சர்க்கரை போட்டால் புளிப்பு போகும் என்று சொல்வார்கள். புளிப்பு போகாது, இனிப்பும் சேர்ந்து தெரியும்.

திரும்பத் திரும்ப நடந்தால் வைக்கும் முறையில்தான் கோளாறு. பொங்கியதும் மொத்த மாவையும் ஒரே குண்டானில் ஃப்ரிட்ஜில் வைத்து, தினமும் அதையே வெளியே எடுத்து, கால் மணி நேரம் மேடையில் விட்டு, மறுபடி உள்ளே தள்ளுகிற வீடுகளில் மூன்றாம் நாளே புளிக்கும். ஒரு வேளைக்குத் தேவையான அளவில் இரண்டு மூன்று டப்பாக்களாகப் பிரித்து, கதவுப் பக்கம் வைக்காமல் உள்தட்டில் பின்னால் வையுங்கள். வெளியே வந்த டப்பா திரும்ப உள்ளே போகக் கூடாது. இப்படி வைத்தால் நான்கு நாள் தாங்கும். முதல் இரண்டு நாள் இட்லி, அப்புறம் தோசை.

பாக்கெட் மாவு வாங்குபவர்களுக்கு: உப்பிய பாக்கெட்டில் இருப்பது ஏற்கெனவே புளித்த மாவு. "இன்னும் கொஞ்சம் பொங்கட்டும்" என்று வெளியே வைத்தால் மதியத்துக்குள் பயன்படாமல் போய்விடும். கடையில் எடுக்கும்போதே தட்டையான, சில்லென்ற பாக்கெட்டாகப் பார்த்து எடுங்கள்.

தூக்கிப் போட வேண்டிய கட்டம்: இளஞ்சிவப்பு, ஆரஞ்சு, பச்சை, கறுப்புத் திட்டு, பஞ்சு போன்ற பூஞ்சை, அழுகல் வாடை. இதில் எது தெரிந்தாலும் மேலாக வழித்தெடுத்துவிட்டு மீதியைப் பயன்படுத்துவது கூடாது. முழுவதும் கொட்டிவிட்டு, பாத்திரத்தை வெந்நீரில் கழுவி, வெயிலில் காயவையுங்கள். ஓரத்தில் காய்ந்து ஒட்டிய பழுப்பு ஏடு மட்டும் என்றால் பயமில்லை, அது வெறுமனே உலர்ந்த மாவு.

## இட்லி கல் மாதிரி இருக்கிறது

எத்தனை நிமிடம் வெந்தது? தண்ணீர் தளதளவென்று கொதித்த பிறகு தட்டை வைத்து, 10 முதல் 12 நிமிடம். பதினைந்தைத் தாண்டினால் நல்ல மாவும் விறைக்கும். அடுப்பை அணைத்தபின் மூடியோடு அப்படியே விட்டுவிட்டுக் குளிக்கப் போவதும் அதிகமாக வேகவிட்டதாகத்தான் கணக்கு.

மாவின் கெட்டி எப்படி? கரண்டியில் எடுத்துச் சாய்த்துப் பாருங்கள். மெல்ல வழிந்து விழுந்தால் சரி. கட்டியாகத் தொப்பென்று விழுந்தால் கால் டம்ளர் தண்ணீர் சேர்த்து, ஓர் ஈடு மட்டும் வைத்துச் சோதியுங்கள். மொத்த மாவிலும் சேர்க்காதீர்கள், ஊற்றிய தண்ணீரைத் திரும்ப எடுக்க முடியாது.

பொங்கிய மாவைக் கலக்கினீர்களா? காலையில் எழுந்ததும் கரண்டியை விட்டுச் சுழற்றுவது கைப்பழக்கம். பொங்கிய மாவில் நிற்கும் குமிழி முழுக்க அதில் போய்விடும். ஓரத்திலிருந்து அள்ளி அப்படியே குழியில் ஊற்றுங்கள். தோசைக்கான மாவை மட்டும் தனிக் கிண்ணத்தில் எடுத்துக் கலக்கிக்கொள்ளலாம்.

அரிசி எவ்வளவு கொரகொரப்பு? விரல்களுக்கிடையே தேய்த்தால் சன்ன ரவை போலத் தெரிய வேண்டும். உப்புமா ரவை அளவுக்குத் தெரிந்தால் இட்லி நறநறவென்று விறைக்கும். புழுங்கலுக்குப் பதில் பச்சரிசி மட்டும் போட்டிருந்தாலும் இப்படித்தான் வரும். பச்சரிசி கையில் இருந்தால் அதைத் தோசைக்கு வையுங்கள்.

இத்தனையும் பார்த்த பிறகுதான் உளுந்தின் முறை. அப்போதும் மறுபடி உளுந்து ஊறவைத்து அரைக்க வேண்டியதில்லை. அரை டம்ளர் கெட்டி அவலைக் கால் மணி நேரம் ஊறவைத்து, மைய அரைத்து, இருக்கும் மாவில் கலந்து இரண்டு மணி நேரம் வெளியே வையுங்கள். ஒரு கைப்பிடி பழைய சாதமும் இதே வேலையைச் செய்யும். அடுத்த தடவை அரிசியோடு சேர்த்தே அரைத்துவிடலாம். "அவல் போட்டா அது இட்லியே இல்ல" என்று சொல்பவர்களுக்குச் சொல்லாமல் போட்டுப் பாருங்கள்.

## இட்லி தட்டையாகப் பரவுகிறது, பிசுபிசுக்கிறது

மாமியாரின் தீர்ப்பைக் கேட்டு உளுந்தைக் கூட்டிய வீடுகளில்தான் இது அதிகம். 4க்கு ஒன்றரை என்று போனால் இட்லி எழும்பாமல் பரவும், வாயில் ஒட்டும். வெந்தயம் ஒரு டீஸ்பூனைத் தாண்டினாலும் வழவழப்பும் பழுப்பு நிறமும் வரும்.

கையிலிருக்கும் மாவைக் காப்பாற்ற: இட்லி ரவை இரண்டு மூன்று மேசைக்கரண்டி போட்டுக் கலந்து, இருபது நிமிடம் விட்டு ஊற்றுங்கள். உளுந்து அதிகமானாலும், தண்ணீர் அதிகமானாலும் இதுதான் வைத்தியம்.

மேல்பக்கம் மட்டும் ஈரமாகப் பிசுபிசுக்கிறதா? மாவு நன்றாகத்தான் இருக்கிறது. மூடியில் கோத்த ஆவி சொட்டியிருக்கிறது. மூடியின் உட்புறத்தை ஒரு மெல்லிய துணியால் கட்டுங்கள். துணியின் நுனிகளை மேலே முடிச்சுப் போட்டுவிட வேண்டும், தொங்கினால் தீப்பிடிக்கும்.

அடித்தட்டு இட்லி மட்டும் சொதசொதவென்று இருக்கிறதா? தண்ணீர் அதிகம். கொதிக்கும்போது அடித்தட்டைத் தொடாத அளவுக்கு ஊற்றுங்கள், இரண்டு டம்ளர் பெரும்பாலான பாத்திரங்களுக்குப் போதும். குக்கரில் வைத்தால் வெயிட் போடக் கூடாது.

நடுவில் வேகாமல் மாவாக இருக்கிறதா? கொதிக்கும் முன்பே தட்டை உள்ளே வைத்திருப்பீர்கள். இண்டக்‌ஷன் அடுப்பில் இது அடிக்கடி நடக்கும், ஆவி வந்த பிறகும் சூட்டைக் குறைக்காதீர்கள்.

குழியில் ஒட்டிக்கொண்டு பிய்கிறதா? பொறுமைதான் வேண்டும். வெளியே எடுத்து மூன்று நிமிடம் விட்டு, கரண்டியைத் தண்ணீரில் நனைத்து ஓரத்திலிருந்து சுற்றி எடுங்கள். துணியில் ஊற்றுபவர்கள் நனைத்துப் பிழிந்த பருத்தித் துணியில் ஊற்றி, வெந்ததும் கவிழ்த்து, துணியின் முதுகில் தண்ணீர் தெளித்து உரியுங்கள். பழைய வேட்டித் துணி இதற்கு நன்றாக உதவும். புதுத் துணியென்றால் கஞ்சி போகும்வரை துவைத்தபின் பயன்படுத்துங்கள்.

## தோசை கல்லில் ஒட்டுகிறது

எங்கே ஒட்டுகிறது என்பதைப் பொறுத்துப் பிரித்துப் பாருங்கள்.

முதல் தோசை மட்டும். இது கோளாறே இல்லை. கல் இன்னும் சமச்சூட்டுக்கு வரவில்லை. முதல் தோசையைச் சின்னதாக, ஊத்தப்பம் கனத்தில் ஊற்றிக் கல்லைப் பழக்கிக்கொள்ளுங்கள்.

மாவு பரவாமல் கரண்டியோடு திரண்டு வருகிறது. கல் அளவுக்கு மீறிச் சூடு. தண்ணீர் தெளித்துப் பார்த்தால் சொட்டுகள் மணியாக உருண்டு ஓடும். சரியான சூட்டில் "சுர்" என்று இரண்டு மூன்று விநாடியில் வற்றிவிடும். தீயைக் குறைத்து, தண்ணீர் தெளித்து, துணியால் துடைத்து, மாவை ஊற்றி இழுத்தபின் தீயைக் கூட்டுங்கள். ஒவ்வொரு தோசைக்கும் இதே வரிசைதான். ஃப்ரிட்ஜிலிருந்து எடுத்த உடனே ஊற்றினாலும் மாவு திரளும். அரை மணி நேரம் வெளியே இருக்கட்டும்.

முழுக்க ஒட்டுகிறது, நேற்றுவரை நன்றாக வந்தது. நேற்று ராத்திரி அதே கல்லில் சப்பாத்தி போட்டீர்களா? எண்ணெய் இல்லாமல் நெடுநேரம் காய்ந்த கல்லில் பழகிய எண்ணெய்ப் படலம் எரிந்துபோய்விடும். "தோசைக் கல்லுல சப்பாத்தி போடாதே" என்று வீட்டுப் பெரியவர்கள் போடும் சண்டையில் நியாயம் அவர்கள் பக்கம். கம்பி நாரும் சோப்பும் போட்டுத் தேய்த்தாலும் அதே கதிதான்.

லேசான கேடு என்றால், பாதி வெங்காயத்தை முள்கரண்டியில் குத்தி, நல்லெண்ணெயில் தொட்டு, மிதமான தீயில் கல் முழுக்க இரண்டு நிமிடம் தேயுங்கள். அதிலும் சரியாகவில்லை என்றால் பழக்குவதுதான் வழி. கல்லைக் கழுவித் துடைத்து, அடுப்பில் ஈரம் போகக் காயவைத்து, நல்லெண்ணெயை மெல்லிய படலமாகத் தடவி, சிறு தீயில் புகை எழும்வரை சூடாக்கி, அணைத்து ஆறவிடுங்கள். இரண்டு மூன்று முறை இப்படிச் செய்து, எண்ணெயோடு ஒரு ராத்திரி வையுங்கள். மறுநாள் முதல் நான்கைந்து தோசை கிழியும், போகட்டும். புதுக் கல்லாக இருந்தால் இதற்கு முன் இரண்டு மூன்று நாள் அரிசி கழுவிய தண்ணீரிலோ வடித்த கஞ்சியிலோ ஊறப்போட்டு, தினமும் தண்ணீரை மாற்றித் தேய்த்துக் கழுவுங்கள்.

நடுவில் மட்டும் ஒட்டுகிறது அல்லது கருகுகிறது. கல்லைக் கவிழ்த்து, சமதளமான மேடையில் வைத்து ஓரத்தை அழுத்துங்கள். ஆடினால் வளைந்திருக்கிறது. சூடான கல்லைக் குழாயடியில் நீட்டுகிற வீடுகளில் இது நடக்கும். கேஸ் அடுப்பில் ஓரளவு சமாளிக்கலாம், பர்னர் சின்னதாக இருந்தால் பெரிய பர்னருக்கு மாற்றுங்கள். இண்டக்‌ஷனில் வளைந்த கல் சரிப்படாது, புதிது வாங்குவதுதான் வழி.

நான்ஸ்டிக் கல்லில் ஒட்டுகிறது. மேல்பூச்சு தேய்ந்துவிட்டது. அதற்குப் பழக்கும் வைத்தியம் கிடையாது. பூச்சு உரிய ஆரம்பித்திருந்தால் சமையலுக்கு வேண்டாம்.

## தோசை முறுகவில்லை, வெளுத்திருக்கிறது

அடுத்த முறை அரிசியோடு இரண்டு மேசைக்கரண்டி கடலைப் பருப்பு அல்லது துவரம் பருப்பு ஊறவைத்து அரையுங்கள், நிறம் தானாக வரும். இன்றைக்கே வேண்டுமென்றால் இரண்டு கப் மாவுக்கு ஒரு மேசைக்கரண்டி ரவை, அரை டீஸ்பூன் சர்க்கரை. மூடிபோட்டு வேகவிட்டால் எந்த மாவும் முறுகாது.

## கிரைண்டர், மிக்ஸி மக்கர் செய்கிறது

மாவு சரியில்லை என்று வாரக்கணக்கில் அரிசி மாற்றிக்கொண்டிருந்த வீட்டில் குற்றவாளி கிரைண்டராக இருப்பதுண்டு. உளுந்து அரைபட முன்பு அரை மணி நேரம் ஆகி, இப்போது முக்கால் மணி நேரம் ஆனால் சந்தேகம் வர வேண்டும்.

அரைக்க நேரமாகிறது. முதலில் மாவை வழித்துவிடும் பட்டையைப் பாருங்கள். அது தேய்ந்தால் ஓரத்து மாவு கல்லுக்கு அடியில் வராது. இரண்டாவதாக, குழவிகளை அழுத்திப் பிடிக்கும் ஸ்பிரிங் தளர்ந்திருக்கிறதா என்று கையால் ஆட்டிப் பாருங்கள். இரண்டும் தனியாகக் கிடைக்கும், நீங்களே மாற்றலாம். அதற்கும் சரியாகவில்லை என்றால் கல் வழவழப்பாகியிருக்கும். தெருவில் அம்மி கொத்துகிறவர் குரல் கேட்பது அரிதாகிவிட்டது, பெரிய சாய்க்கும் கிரைண்டரின் கல்லைச் சர்வீஸ் கடையில் கொத்தித் தருவார்கள். மேடையில் வைக்கும் சின்னக் கிரைண்டருக்குக் குழவியை மாற்றுவது லாபமா, புதிதே வாங்குவதா என்று விலை கேட்டு முடிவு செய்யுங்கள்.

மோட்டார் ஓடுகிறது, பாத்திரம் சுற்றவில்லை அல்லது திணறுகிறது. மாவு மிகவும் கெட்டியா? கொஞ்சம் தண்ணீர் விட்டுப் பாருங்கள். இல்லையென்றால் பெல்ட். தண்ணீர் கீழே இறங்கி நனைந்திருந்தால் வழுக்கும், பிளக்கைப் பிடுங்கிவிட்டு ஒரு நாள் காயவிடுங்கள். தளர்ந்திருந்தால் மாற்ற வேண்டும். பழைய பெல்ட்டைக் கையில் கொண்டுபோனால் அதே அளவில் தருவார்கள்.

"உம்ம்" என்ற சத்தம் மட்டும் வருகிறது. உடனே அணையுங்கள், அப்படியே விட்டால் மோட்டார் கருகிவிடும். மாவையும் குழவியையும் எடுத்துவிட்டு வெறுமனே ஓட்டிப் பாருங்கள். ஓடினால் சுமைதான் பிரச்சினை, பாதியாகப் போட்டு அரையுங்கள். வெறுமனேயும் ஓடவில்லை என்றால் பெரும்பாலும் கெபாசிட்டர், அதாவது மோட்டார் கிளம்ப உதவும் பாகம். இதோடு உங்கள் வேலை முடிந்தது. பிளக்கைப் பிடுங்கிய பிறகும் கெபாசிட்டரில் மின்சாரம் தங்கியிருக்கும், அடியைக் கழற்றிக் கைவைக்காதீர்கள். மெக்கானிக்கிடம் "வெறுமனே ஓட்டினாலும் சத்தம் மட்டும்தான்" என்று சொல்லுங்கள். வேலை தொடங்கும் முன் விலை கேளுங்கள். கெபாசிட்டர் சின்னப் பாகம்தான், மோட்டாருக்கே புதிதாகக் கம்பி சுற்ற வேண்டும் என்று யாராவது சொன்னால் இன்னொருவரிடம் காட்டிவிட்டுச் சம்மதியுங்கள்.

மாவில் கறுப்புக் கோடு. புதுக் கிரைண்டர் என்றால் ஒரு கைப்பிடி அரிசியை இரண்டு தரம் அரைத்துக் கொட்டினால் கல்தூள் போய்விடும். பழைய கிரைண்டரில் வந்தால் நடுத்தண்டின் கிரீஸ் கசிகிறது. மாவைக் கொட்டிவிட்டு மெக்கானிக்கைக் கூப்பிடுங்கள்.

மிக்ஸி பாதியில் நின்றுவிட்டது. சுமை தாங்காமல் தானே நின்றிருக்கும். அணைத்து, இருபது நிமிடம் ஆறவிட்டு, அடியில் இருக்கும் சிவப்புப் பொத்தானை அழுத்துங்கள். அழுத்தியும் நிற்காமல் திரும்பத் துள்ளி வெளியே வந்தால் கடைக்குப் போக வேண்டியதுதான். ஜாரின் அடியில் தண்ணீர் கசிந்தால் பிளேடு புஷ் (பிளேடின் தண்டைத் தாங்கும் வளையம்) தேய்ந்திருக்கிறது. அந்தத் தண்ணீர் மோட்டாருக்குள் இறங்கும் முன் ஜாரை மட்டும் கடையில் கொடுத்து மாற்றுங்கள். மோட்டார் ஓடியும் பிளேடு சுற்றவில்லை என்றால் ஜாரை மோட்டாரோடு இணைக்கும் கப்ளரின் பல் உடைந்திருக்கும், பத்து நிமிட வேலை. உள்ளே பொறி பறந்தாலோ கருகல் வாடை வந்தாலோ மறுபடி சுவிட்சைப் போட்டுப் பார்க்காதீர்கள்.

தொட்டால் சுள்ளென்று அடிக்கிறது. ஈரக் கைதான் காரணம் என்று ரப்பர் செருப்பு மாட்டிக்கொண்டு அரைப்பது பல வீடுகளில் உண்டு. கூடவே கூடாது. மெயின் சுவிட்சை அணைத்து, பிளக்கைப் பிடுங்குங்கள். மூன்று முள் பிளக்கில் எர்த் முள்ளை உடைத்திருக்கிறார்களா, இரண்டு முள் அடாப்டரில் செருகியிருக்கிறீர்களா என்று மட்டும் பாருங்கள். இருந்தால் எலக்ட்ரீஷியனிடம் அதை முதலில் சொல்லுங்கள், இயந்திரத்தோடு அந்தச் சுவர் பிளக்கின் எர்த்தையும் சோதிக்கச் சொல்லுங்கள். அவர் வந்து பார்க்கும்வரை ஊறிய அரிசியும் உளுந்தும் ஃப்ரிட்ஜில் இருக்கட்டும்.